மெதுவாகக் கிளம்பிய மொனாரோ

ஆட்டோமேட்டிக் கார் வைத்துக்கொண்டு டிராக் பந்தயத்துக்கு வருகிறவர்களை முன்பெல்லாம் யாரும் மதிக்க மாட்டார்கள். கியர் போடத் தெரியாதவன், சர்ச்சுக்குப் போகிற வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். சிரித்தவர்களைக் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியில், எனக்குப் பின்னால், பார்த்துக்கொள்ளலாம்.

உட்காருங்கள், கான்ஸ்டபிள் இம்ரி. அந்த நாற்காலி ஆடாது. டீ வேண்டாம் என்கிறீர்கள். சரி. இந்த வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு மாதிரியான எண்ணம் வந்துவிடும். வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

நீங்கள் யாராபெல்லுக்குப் புதிது. கோதுமை சேமிக்கிற சைலோக்களுக்குப் பின்னால் இருக்கிற பழைய விமான ஓடுதளத்தில்தான் எங்கள் பந்தயம். இரண்டு வண்டி, நேர் சாலை, கால் மைல். அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் வேகத்தைப் பார்க்க வருவார்கள். வேகத்தில் ஒன்றும் இல்லை. ஜெயிப்பதும் தோற்பதும் கிளம்புகிற இடத்தில் முடிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலை இல்லை என்பார்கள். பந்தயத்தில் எல்லா வேலையும் அதற்குத்தான். இடது கால் பிரேக்கை அமுக்கிப் பிடித்திருக்கும். வலது கால் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே போகும். இன்ஜின் போகணும் போகணும் என்று திமிறும், பிரேக் விடமாட்டேன் என்று பிடிக்கும். வண்டி அப்படியே உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கும். எதிரே கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கும். கடைசி மஞ்சளிலேயே இடது காலை எடுத்துவிட வேண்டும். பச்சை வரட்டும் என்று காத்திருந்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெடலை அதிகமாகக் கொடுத்தால் பிரேக்கையும் மீறி டயர் சுழன்று புகைந்துவிடும். குறைத்தால் வண்டி சோம்பல் முறிக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. என் மகள் ரோவீனா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது கைவர வருஷக்கணக்கில் ஆயிற்று.

ரோ பள்ளியில் படிக்கும்போதே அவள் அம்மா மெரில் எங்களை விட்டுவிட்டு நாட்டின் மறுகோடியில் இருக்கிற கெய்ன்ஸுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. ஃப்ரீஸரில் எங்களுக்குச் சாப்பாடு செய்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை. வாசலில் நின்று டாக்ஸியில் பெட்டியைத் தூக்கி வைத்தேன். ஒருவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நானும் ரோவும்தான். என் பட்டறையில் அவள் வேலை பார்த்தாள். எங்கள் பந்தயக் கார் மொனாரோவை இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து மாட்டினோம். சிவப்பு அடித்தது அவள் இஷ்டம். பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் நான் படுத்திருப்பேன், அவள் மேலே நின்று கிண்டலடித்துக்கொண்டிருப்பாள்.

"என்னப்பா, உள்ளயே தூங்கிட்டியா? குறட்டை கேக்குது."

"அது ஒன் இன்ஜின் சத்தம்டி."

"என் இன்ஜின் இவ்ளோ கெழட்டுத்தனமா சத்தம் போடாது."

இப்படித்தான் இருந்தோம். பேராசைப்படுகிற மனிதன் இல்லை நான். இது இப்படியே இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

டீனோ பெர்தோலியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெர்த்திலிருந்து வருகிறவன், அங்கே பெரிய பந்தய அணி வைத்திருக்கிறான். கோடைப் பந்தயத்தில் ரோ கிளம்பிய விதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தான். நான் அடுப்புத் தட்டில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரொட்டியை எடுத்து அவனே வெங்காயத்தை அள்ளி வைத்துக்கொண்டான். அப்படிப்பட்ட ஆள்.

"லயல், ஒம் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. என் வண்டிய அவ ஓட்டட்டும். இங்க கோதுமை மூட்டைக்கு நடுவுல வெச்சு வீணாக்காத."

"அவகிட்ட கேளு," என்றேன்.

"கேட்டாச்சு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு ரெண்டு நாளா என் உயிர எடுக்குறா."

ரோ வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "நீயும் வாயேன்ப்பா," என்றாள். வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பெர்த்தில் நான் போய் என்ன செய்வது? அவர்களுடைய பட்டறையில் கம்ப்யூட்டர் வைத்துத்தான் இன்ஜினைப் பார்ப்பார்கள். நான் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

"நல்லா ஓட்டு," என்று மட்டும் சொன்னேன். அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சாசேஜ் கருகிவிட்டது.

இலையுதிர் காலப் பந்தயம்தான் யாராபெல்லில் அவளுக்குக் கடைசி. அது முடிந்த வாரத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. டீனோவும் வந்திருந்தான். காலையில் மேகம் போட்டு லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. காலாக் கிளிகள் கூட்டமாக ஓடுதளத்தில் வந்து உட்கார, பையன்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ரோவைத் தோளில் தட்டி வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள். சோதனைக்காரர் வண்டியைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். ரோ, "மீட் பை வாங்கிட்டு வரேன், ஒனக்கு சாஸ் போட்டா போடாமயா?" என்று கேட்டுவிட்டுக் கடைப்பக்கம் போனாள். போட்டு, என்றேன்.

அவள் போன பிறகு நான் இடது பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினேன்.

முழுவதுமாக இல்லை. அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிளம்புகிற அந்த நொடியில்தான் பின்சக்கரத்தில் மொத்த முறுக்கும் வந்து விழும். நாங்கள் எப்போதும் கிளம்புகிற மாதிரி, பிரேக்கில் நன்றாக ஏற்றிப் பிடித்து ஒரேயடியாக விட்டால், சக்கரம் அங்கேயே, கோட்டிலேயே, கழன்று உட்கார்ந்துவிடும். வண்டி நகர்ந்திருக்கவே நகர்ந்திருக்காது. ஒரு சத்தம், கொஞ்சம் பெயிண்ட் போகும். கூட்டம் சிரிக்கும். டீனோவுக்கு முன்னால் ரோவுக்கு அவமானமாக இருக்கும். சக்கரத்தைக்கூடச் சரியாக மாட்டத் தெரியாத பெண்ணுக்கு யார் தன் வண்டியைக் கொடுப்பான்? அவள் அழுவாள். நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். நான் யோசித்தது இவ்வளவுதான். இதைவிடப் பத்திரமாக யாராலும் யோசித்திருக்க முடியாது.

அந்த மீட் பை நன்றாக இருந்தது. இரண்டு பேரும் டிரெய்லர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கோட்டுக்கு வருவதற்கு முன்னால் டயரைத் தண்ணீரில் நனைத்துச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். அப்போதே கழன்றிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். கழலவில்லை. புகை விலகியதும் வண்டியை நேராக்கிக் கோட்டுக்குக் கொண்டுவருவது என் வேலை. முன்னால் நின்று, கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று கையைக் காட்ட வேண்டும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ரோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்திருந்தால் பந்தயத்தை நிறுத்தியிருப்பார்கள். நான் அதை நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் எல்லாம் கோட்டிலேயே முடியப்போகிற விஷயம். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டிவிட்டு ஒதுங்கினேன்.

அந்த இடைவெளியில் டீனோ அவளுடைய ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னான் என்பது பிறகு மருத்துவமனையில் அவன் அழுதுகொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது.

"தரை மீன் முதுகு மாதிரி வழுக்குதுன்னு நான்தான் சொன்னேன், லயல். பிரேக்குல ஏத்தாத. சும்மா விட்டுட்டு, மெதுவா மிதிச்சுப் போன்னு. நான்தான் சொன்னேன்."

விளக்குகள் இறங்கின. மொனாரோவின் குரல் ஏறவில்லை. அவள் பிரேக்கில் ஏற்றவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அவள் பிரேக்கை விட்டாள், பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாலை ஊற்றுகிற மாதிரி கொடுத்தாள். டயர் ஒரு துளிகூட வழுக்கவில்லை. நான் பார்த்த கிளம்பல்களிலேயே அழகானது அதுதான். சக்கரமும் அதனால் அப்படியே இருந்தது. கோட்டைத் தாண்டிப் போனது. பாதியைத் தாண்டிப் போனது. நான் கத்தினேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வேகம் முழுவதும் ஏறிய பிறகு, கடைசியில், சக்கரம் மட்டும் வண்டியை விட்டுத் தனியாக ஓடிப் புல்லுக்குள் போவதைப் பார்த்தேன். வண்டி எத்தனை முறை உருண்டது என்று எனக்குத் தெரியாது. நான் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீனோ ஓடினான். எல்லாரும் ஓடினார்கள். நான் நடந்தேன். வழியில் ஒன்றிரண்டு நட்டுகள் கிடந்தன. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தரையில் கிடந்தால் மற்றவர்களுடைய டயருக்கு ஆபத்து.

போல்ட்டுகள் முறிந்துவிட்டன என்று பந்தயம் நடத்துகிறவர்கள் முடிவு செய்தார்கள். பழைய வண்டி, இப்படி நடப்பதுதான் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அவள் கிளம்பியிருந்தால் இன்றைக்கு நடந்து திரிந்துகொண்டிருப்பாள். டீனோவின் பேச்சைக் கேட்டாள். இதை நான் அவளிடம் ஒருபோதும் குத்திக்காட்டியதில்லை.

இடுப்புக்குக் கீழே இனி வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல விஷயம் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டேன். பட்டறையை மூடிவிட்டேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, எல்லாம் நான்தான். பவுலா, அந்த வட்டார நர்ஸ், ஆரம்பத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இந்த மாதிரி ஒரு அப்பாவ நான் பாத்ததேயில்ல," என்று அவளே சொன்னாள். அவளிடமும் கேட்டுப் பாருங்கள். இப்போது என்ன சொல்வாளோ தெரியாது, அன்றைக்குச் சொன்னாள். கான்ஸ்டபிள், நான் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குளிர்காலம் எங்களுக்கு நல்ல காலமாக இருந்தது. அவள் நிறைய அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

வசந்தத்தில் டீனோ வந்தான். கட்டில் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு படத்தை விரித்துக் காட்டினான்.

"பாரு ரோ, ஆட்டோமேட்டிக் வண்டிதான? கிளட்சு கெடையாது, ஒண்ணுங் கெடையாது. இந்த லீவரத் தள்ளுனா பிரேக்கு. இழுத்தா ஆக்ஸிலரேட்டர். கால வெச்சு நீ என்ன பெருசா பண்ணிக் கிழிச்ச?"

"ஒன்ன மாதிரி தடியன எல்லாம் தோக்கடிச்சேன்."

"இப்ப கையால தோக்கடி, பாப்போம்."

விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பெர்த்தில் அவளுக்குத் தரைத்தள வீடு பார்த்திருக்கிறானாம். கையால் ஓட்டப் பழக்குகிற இடம் இருக்கிறதாம். கைகளுக்குப் பலம் வந்தால் போதுமாம். அவள் சக்கர நாற்காலியில் ஏறி, தானாகவே வாசல்வரை போய் அவனை வழியனுப்பினாள். கார் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

அந்த நாற்காலியின் டயர் அந்த வாரத்தில் காற்று இறங்கிவிட்டது. ஷெட்டில் வைத்தேன். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நாள் ஓடிவிட்டது. ஊரில் எல்லாருடைய வண்டியையும் சரி செய்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். வேலை இல்லைதான். அது ஷெட்டில் இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாத்திரைக்கு வருகிறேன். கால் நரம்பு இழுத்துக்கொள்ளும்போது கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியதுதான். வெளியிலிருந்து நான் எதையும் வாங்கவில்லை. சொன்னதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். சூப்பில் பொடித்துப் போட்டதும் உண்டு. பிறகு தேவைப்படவில்லை, வலிக்கு என்று சொல்லி உள்ளங்கையில் வைத்தால் அவளே போட்டுக்கொள்வாள். உடம்பு தளர்ந்துவிடும். ஸ்பூனைப் பிடிக்கக் கை வராது. நான் ஊட்டுவேன். டீனோ ஃபோன் செய்யும்போது அவள் தூங்குகிறாள் என்பேன். பொய் சொன்னதில்லை. தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். அவள் கைகளைச் சோதித்துப் பார்க்க அந்தப் பெர்த் இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவளால் கப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. இன்னும் நாளாகட்டும் என்று போய்விட்டார்கள். பவுலாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

"ஏன் லயல் இவ எப்பப் பாத்தாலும் இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்குறா?"

"ராத்திரி வலியில தூங்கறதில்ல, பாவம்," என்றேன்.

சாயங்காலம் சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, அவள் கண் மூடிய பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். பழக்கமாகிவிட்டது. பேச வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? மெரில் போன கதை, மொனாரோவைப் பிரித்த கதை. பிறகு சக்கரத்தையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்று, இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே, எதையும் மறைக்காமல் சொன்னேன். முதல் மழை பெய்த அன்று. ஓட்டில் சத்தம் பலமாக இருந்ததால் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. அதன் பிறகு பல நாள் சாயங்காலம் அதையேதான் சொன்னேன்.

நீங்கள் ஆச்சரியப்படவே இல்லை.

நட்டைத் தளர்த்தினேன் என்று நான் சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை நீங்கள். இப்போதுதான் கவனிக்கிறேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க வந்தவர் என்றால் அந்த இடத்தில் எழுதுகிற கை நின்றிருக்கும்.

தலையணை உறைக்குள்ளிருந்து பவுலா ஒரு பிடி மாத்திரை எடுத்தாள் என்று வாசலில் நிற்கும்போதே சொன்னீர்கள். ரோ நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துச் சேர்த்ததாம். ஒரு பிடி என்றால் வெகுநாளாகச் சேர்த்திருக்க வேண்டும். நான் சக்கரத்தைப் பற்றிச் சொன்ன அந்த மழைக்கும் முந்தியிருக்கும். அப்படியானால் கையில் பலம் வந்த பிறகும் என் முன்னால் ஸ்பூனை நழுவவிட்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் காதில் சொல்லிக்கொண்டிருந்தபோது இமைகூட அசையவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். விரல்கூட இழுபடவில்லை. அவளுக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்று எனக்குத் தெரியாது.

நேற்றைக்கு முன்தினம் பவுலா வந்தபோது ரோ, "அப்பா, பால் தீந்துபோச்சு, கொஞ்சம் வாங்கிட்டு வரியா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். கடையில் கூட்டம் இல்லை, சீக்கிரம்தான் திரும்பினேன். கட்டில் காலியாக இருந்தது. போர்வையைக்கூட ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சக்கரம், மாத்திரை, நாற்காலி. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். கொடுமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் நான் திரையை விலக்கியபோது அவள் விழித்திருந்தாள். "தல வாரி விடுப்பா," என்றாள். வாரிவிட்டேன். டீ கொடுத்தேன், குடித்தாள். எல்லாம் தெரிந்த பிறகு குடித்தாள். வாரக்கணக்கில் இந்த வீட்டில், இந்த அறையில், என் பக்கத்திலேயேதான் இருந்தாள்.

என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால், அன்றைக்கே எழுந்து போயிருக்க மாட்டாளா?